அடிமட்டம் வைக்காத படம்

தந்தியைப் பார்த்துப் பயந்திருப்பாய், மகன். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அல்ஹம்துலில்லாஹ், வீட்டில் எல்லோரும் சுகம். யாரும் மவுத்தாகவில்லை. தந்தி என்றால் வாசிக்கும் முன்பே அழத் தொடங்கும் ஆட்கள் நாங்கள். நீயும் எங்கள் பிள்ளைதானே. தபால் கந்தோரில் நின்று இங்கிலீசில் எழுதி, வெட்டி, திரும்ப எழுதி, கடைசியில் கசெட்டில் சொன்னதைச் செய்யாதே, கடிதம் வருகிறது என்பதை மட்டும் அனுப்பிவிட்டு வந்தேன். அந்தக் கடிதம் இதுதான். நான் பேசிப் பதிந்த கசெட் தபாலில் போய்ப் பதினொரு நாள் ஆகிறது. அது முந்திவந்து, தந்தி பிந்திவந்து, இடையில் வாப்பா சொல்லிவிட்டார் என்று நீ அங்கே பல்கலைக்கழகத்தில் உன் ஆய்வை அப்படியே ஒப்படைத்திருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் உம்மா நெஞ்சுவலியோ என்று கேட்டுக் கேட்டு மல்லி அவித்துத் தருகிறா. நானும் குடிக்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன் என்று கசெட்டில் சொல்லியிருந்தேன். அது பொய். ஒரு தரம்தான் வாசித்தேன். அதிலும் "இன்னும் ஒரு வருடம் ஆகலாம், புலமைப்பரிசில் நீடிக்குமா தெரியவில்லை" என்று நீ எழுதிய இடத்தில் கண் நின்றுவிட்டது. பெருநாள் கழிந்த மாதம் நிக்காஹ் என்று பேசி முடித்திருக்கிறோம். பெண் வீட்டார் உங்களுக்கென்று கட்டும் வீடு கூரை வரை எழும்பிவிட்டது. நம் ஊரில் மகளுக்கு வீடு கட்டி முடித்துவிட்டு மாப்பிள்ளை வரவில்லையென்றால், அந்த வீட்டைக் கடந்து போகிறவர்கள் எல்லாம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்தப் பெண்ணுடைய வாப்பாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது என்ற யோசனைதான் எனக்கு முதலில் வந்தது. உடனே ஸ்டூடியோவின் பின்னறைக்குப் போய்க் கசெட்டில் பேசினேன். "மகன், அந்த அளவெல்லாம் இப்பக் கிளறாதீங்க. படிப்ப முடிச்சிட்டு வாங்க. ஒரு கிருமி கொஞ்சம் நீளமா இருந்தா என்ன, கட்டையா இருந்தா என்ன, ஆருக்கு நட்டம்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தும் வைத்தேன். அந்தச் சிரிப்பும் பதிந்திருக்கும். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நீ எழுதியதை நான் விளங்கிக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடாதே. நெல்லைத் தாக்கும் அந்தக் கோல் வடிவக் கிருமியை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படம் பிடித்து, படத்தில் அதன் நீளத்தை அளந்து, இத்தனை மடங்கு பெருப்பித்தது என்று வகுத்து, உண்மையான நீளத்தை எழுதுகிறாய். எத்தனை மடங்கு என்பதை மெசினின் முகப்பில் உள்ள எண் சொல்கிறது. ஆனால் அந்த எண் ஒரு உத்தேசம்தான். உண்மை தெரிய வேண்டுமானால் நீளம் முன்பே தெரிந்த ஒரு பொருளை அதே நிலையில் படம் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீற்றருக்குள் இரண்டாயிரத்துக்கு மேல் கோடு கீறிய தகட்டின் அச்சு ஒன்று அதற்கென்றே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். முதல் வருடம் அதை வைத்துச் சரிபார்த்தாய். பிறகு மெசினைக் கழற்றித் திரும்பப் பூட்டினார்கள். நீ பழைய எண்ணையே வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் படம் எடுத்தாய். புதிதாக வந்த மாணவி ஒருத்தி அந்தக் கோட்டுத் தகட்டைப் படம் பிடித்தபோதுதான் எல்லாம் பிழை என்று தெரிந்தது. ஒரே அளவான பிழையென்றால் பெருக்கிச் சரிசெய்துவிடலாம். ஆனால் வில்லைக்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் கூட்டி அந்த இடத்துக்கு வந்தாயா, குறைத்து வந்தாயா, மாதிரி எந்த உயரத்தில் இருந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு நாளும் பிழை வேறு வேறு. திரும்ப எடுப்பதைத் தவிர வழியில்லை. இவ்வளவும் எனக்கு விளங்கியது, மகன். இருபத்தாறு வருடமாகப் படம் பெருப்பிக்கும் என்லார்ஜருக்கு முன்னால் நிற்கிறவன் நான். விளங்கிக்கொண்டே உன்னை மறைக்கச் சொன்னேன். அதுதான் என் குற்றம்.

கசெட்டைத் தபாலில் போட்ட ஏழாம் நாள் உதுமாலெவ்வைக் காக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். உனக்கு அவரைத் தெரியும். நிலக்காரப் போடியாரின் வயலைப் பொறுப்பெடுத்துச் செய்விக்கிற முல்லைக்காரராக இருந்தவர், நெடுக நடந்து நடந்து கால் நரம்பெல்லாம் புடைத்தவர். இப்போது சந்தையில் தேங்காய் உரிக்கிறார். வழியில் மறித்து அடையாள அட்டை கேட்கிறார்கள், பழையதில் முகம் அழிந்துபோனது, புதிதாக ஒரு படம் வேண்டும் என்றார். முக்காலியில் இருத்தி, நாடியை நிமிர்த்தச் சொன்னேன். நிமிர்த்துவார், மறுபடி குனிந்துவிடுவார். நாலு தரம் சொன்னேன். நாலு தரமும் அவர் பார்வை தன் காலுக்கே போனது. அவர் போன பிறகு என்னால் வேலை செய்ய முடியவில்லை. உன் கடிதத்தை எடுத்து இரண்டாம் தரம் அப்போதுதான் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தின் அடியில் நீ எழுதியிருந்த வரி அப்போதுதான் கண்ணில் பட்டது. வேறு நாட்டில் ஒருவர் இதே கிருமியை அளந்து, உங்களுடையதைவிடக் கட்டையாக வருகிறதே என்று உங்கள் பேராசிரியருக்கு எழுதினார் என்றும், உங்கள் அளவுதான் சரி என்று அங்கிருந்து பதில் போனது என்றும், அவர் தன்னுடையதுதான் பிழை என்று எண்ணித் தன் கட்டுரையை நிறுத்திக்கொண்டார் என்றும் எழுதியிருந்தாய். ஆருக்கு நட்டம் என்று நான் கேட்டேனே, அதற்குப் பதில் உன் கடிதத்திலேயே இருந்தது.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எழுபத்தெட்டுச் சூறாவளி நம் ஸ்டூடியோவின் கூரையைக் கொண்டுபோனது உனக்கு நினைவிருக்கும். பிறகு நீ விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டாய், மற்றது உனக்குத் தெரியாது. என்லார்ஜரின் தூண் சுவரோடு பொருத்தியிருந்ததால் தப்பியது. கீழே கடதாசி வைக்கும் பலகை மழையில் ஊறி வீங்கிவிட்டது. மரம் கிடைக்காத காலம். விழுந்த வேம்பில் அறுத்த ஒரு தடித்த பலகையைப் போட்டேன். பழையதைவிட ஒன்றரை அங்குலம் கூடுதல். அந்த நாளில் எனக்கு வருமானம் பாதி கலியாணப் படம், பாதி காணி உறுதிப் பத்திரத்துக்கும் சான்றிதழுக்கும் பிரதி எடுப்பது. உறுதியைச் சுவரில் ஒட்டி, முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றால் கெமராவின் தூரத்தை அளந்து எடுப்பேன். பிறகு என்லார்ஜரின் தலையைத் தூணில் நான் கீறி வைத்திருந்த சிவப்புக் கோட்டில் நிறுத்தினால், அசலின் அளவிலேயே படம் விழும். கயிறும் கோடும் எனக்கு வேதம் மாதிரி. பலகை உயர்ந்தால் படம் சிறுக்கும் என்பது படிப்பில்லாதவனுக்கும் தெரியும். நான் யோசிக்கவில்லை. துலக்கத்தைத் திருகிச் சரிசெய்துகொண்டேன், படம் கூர்மையாக விழுந்தது, கூர்மையாக விழுந்ததால் சரியாக இருக்கும் என்று நம்பினேன்.

சூறாவளிக்குப் பிறகு எல்லோரும் கடன்பட்டுத் திரும்ப விதைத்தார்கள். ஒரு விடியலில் வாய்க்கால் கரை உடைந்து, வீரமுனைத் தம்பிப்பிள்ளையின் வயலில் அப்போதுதான் முளைத்திருந்த பயிர் முழுவதும் தண்ணீரோடு போனது. யாரோ கரையைக் காலால் இடித்துத் தண்ணீர் திருப்பியிருக்கிறார்கள் என்று கதை. உடைப்பின் ஓரச் சேற்றில் குதி அழுந்திய ஒரே ஒரு காலடி இருந்தது. வெயில் ஏறினால் அது வெடித்துப்போகும் என்று, அந்த வட்டையின் வயல்களுக்கெல்லாம் தண்ணீர் பங்கிடும் விதானையார் சைக்கிள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். நான் போய் மூன்று கால் தாங்கியை வரம்பில் ஊன்றி, கெமராவைக் கவிழ்த்துப் பூட்டி, என் கயிற்றை இறக்கித் தூரம் பார்த்தேன். விதானையார் பக்கத்தில் நின்றார். "தம்பி, பக்கத்துல ஒரு அடிமட்டத்த வெச்சு எடுத்தா என்ன?" என்று கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோடு கீறும் ஒரு மர அடிமட்டம் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. "தேவல்ல, என்ட கயிறு பிழைக்காது" என்றேன். கூடி நின்றவர்களுக்கு முன்னால் என் தொழிலைக் காட்ட நினைத்தேன், வேறொன்றுமில்லை. அந்த அடிமட்டத்தை வைத்திருந்தால் அதுவும் காலோடு சேர்ந்து படத்தில் விழுந்திருக்கும். நான் பெருப்பித்தால் பெருத்திருக்கும், சிறுப்பித்தால் சிறுத்திருக்கும், எவன் எப்படி அச்சடித்தாலும் உண்மை அதற்குள்ளேயே இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் படத்தைக் கொண்டுபோய் விதானையாரிடம் கொடுத்தேன். முந்தின நாள் அந்தக் கரையால் நடந்தவர்கள் நாலு பேர். படத்தைத் தரையில் வைத்து ஒவ்வொருவராகக் காலை வைக்கச் சொன்னார்கள். முதலில் வந்தவர் உதுமாலெவ்வைக் காக்கா. சாறனைத் தூக்கிக்கொண்டு, "என்ட கால் இவ்வளவு அழகா இருக்கா?" என்று பகிடி விட்டபடிதான் வைத்தார். குதியும் பெருவிரலும் கோட்டில் கோடாகப் பொருந்தின. மற்ற மூவரின் காலும் பொருந்தவில்லை. அவர் பகிடியை விட்டுவிட்டார். முந்தின நாள் பொழுதுபட அந்தக் கரையில் ஒரு கசிவைக் கண்டு நாலைந்து கட்டியைக் காலால் தள்ளி அடைத்தது உண்மை என்று தானாகவே சொன்னார். எந்த இடத்தில் மிதித்தேன் என்று சரியாக நினைவில்லை, அடைத்ததாக நினைத்து உடைத்துவிட்டேன் போலிருக்கிறது என்றார். யாரும் அவரை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. அவர் தம்பிப்பிள்ளையிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்டார். இருவரும் அடுத்தடுத்த வயல், பெருநாளைக்கும் பொங்கலுக்கும் சட்டி மாற்றிக்கொள்கிறவர்கள். தம்பிப்பிள்ளை பெருமூச்சு விட்டு, போகட்டும் என்றாராம். ஆனால் அதற்குப் பிறகு உதுமாலெவ்வைக் காக்கா அவருடைய கண்ணில் படாமலே நடந்தார். அடுத்த போகம் முல்லைக்காரர் வேலையை விட்டார். கரை பார்க்கத் தெரியாத காலை வைத்துக்கொண்டு எப்படி ஒரு வட்டையைப் பொறுப்பெடுப்பது என்றாராம்.

அந்தக் காலடியைப் படம் எடுத்து மூன்று கிழமைக்குப் பிறகு நில அளவையாளர் ஒருவர், நான் பிரதியெடுத்த வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். அசலையும் பிரதியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். பிரதி சிறிது. கடதாசி காய்ந்து சுருங்கியிருக்கும் என்று சமாளித்து அனுப்பினேன். அவர் படியிறங்கும் முன்பே எனக்குப் பலகை நினைவுக்கு வந்துவிட்டது. அளந்து பார்த்துப் புதிதாக ஒரு கோடு கீறினேன். அந்தக் காலடியின் நெகட்டிவ் பிஸ்கட் டின்னில் இருந்தது. அதைத் திரும்ப அச்சடிக்க அரை மணி நேரம் போதும். அடிக்கவில்லை. அவரே ஒப்புக்கொண்டுவிட்டாரே, மன்னிப்பும் கேட்டு முடிந்துவிட்டதே, இனிக் கிளறி என்ன என்று எனக்கு நானே சொன்னேன். சொன்னால் என்னிடம் யார் உறுதிப் பிரதி எடுக்க வருவார்கள் என்பது அதற்கு அடியில் இருந்த காரணம். உனக்குக் கசெட்டில் சொன்ன அதே வார்த்தையைத்தான் எனக்கும் சொல்லியிருக்கிறேன் பார்: கிளறாதே. ஒன்பது வருடம் அவருக்கு இலவசமாகப் படம் எடுத்தேன். ஸ்டூடியோக்காரன் நல்ல மனிசன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

உன் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்த மறுநாள் அந்த டின்னைத் திறந்தேன். பக்கத்தில் அடிமட்டம் இல்லாவிட்டாலும் கயிறு சரிதான், கோடுதான் பிழை. எனவே என்லார்ஜரின் தலையைப் புதிய கோட்டில் நிறுத்தி, உள்ளபடியான அளவில் அச்சடித்தேன். அடையாள அட்டைப் படம் ஆயத்தம் என்று ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டேன். வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பலகையைக் காட்டினேன், பழைய கோட்டையும் காட்டினேன். அவருக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. படத்தைத் தரையில் வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, யாரோ ஒருவருடைய பாயில் மிதிக்கிறவர் மாதிரிக் காலை மெல்ல வைத்தார். குதியைப் பொருத்தினால் விரலுக்கு முன்னால் முக்கால் அங்குலம் சும்மா கிடந்தது. விரலைப் பொருத்தினால் பின்னால் கிடந்தது. மூன்று நாலு தரம் மாற்றி மாற்றி வைத்தார்.

"தம்பி, இது ஆர்ர கால்?"

"தெரியா காக்கா. உங்கட இல்ல."

முக்காலியில் போய் உட்கார்ந்தார். ஏசுவார், அல்லது எழும்பிப் போவார் என்று பார்த்தேன். அவர் தன் இரண்டு பாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒம்பது வரிசமா நான் நடக்கக்குள்ளயும் பாத்துப் பாத்துத்தான் காலத் தூக்கி வெச்சன், தம்பி" என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. கொஞ்சம் கழித்து அந்தப் படத்தைத் தரச் சொன்னார், தம்பிப்பிள்ளையிடம் காட்ட வேண்டும் என்றார். கொடுத்தேன். ஆனால் தமிழ் ஊர்களுக்கும் நம் ஊருக்கும் இடையில் இப்போது இருக்கிற நிலைமை உனக்குத் தெரியும். பேப்பரில் வருவது கொஞ்சம்தான். நம் ஆட்கள் வீரமுனைப் பக்கம் போவதில்லை, அவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. தம்பிப்பிள்ளை குடும்பத்தோடு எங்கோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று ஒருவர் சொல்கிறார், இல்லை என்று இன்னொருவர் சொல்கிறார். உதுமாலெவ்வைக் காக்கா படத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சந்தையில் தேங்காய் உரிக்கிறார். காட்ட வேண்டிய ஆளுக்குப் போகும் பாதை மூடிவிட்டது. நான் அந்தக் கிழமையே சொல்லியிருந்தால், சைக்கிளில் அரை மணித்தியாலம்.

உனக்கு அப்படியில்லை, மகன். உன் எண்ணை நம்பித் தன் கண்ணைச் சந்தேகித்த அந்த மனிதரின் விலாசம் உன் மேசையில் இருக்கிறது. முத்திரை ஒட்டினால் போய்ச் சேரும். பேராசிரியரிடம் முதலில் சொல். அவர் கோபிப்பார், கோபிக்கட்டும். நாளைக்குப் படங்களைத் திரும்ப எடுக்கும்போது தினமும் அந்தக் கோட்டுத் தகட்டையும் எடு. படத்தின் அடியில் இத்தனை மடங்கு என்று எழுதுவதோடு நிற்காதே. நீளத்தைக் காட்டும் கோட்டைப் படத்துக்குள்ளேயே போடு. புத்தகத்தில் அச்சடிக்கிறவன் படத்தைச் சுருக்கினாலும் கோடும் கூடச் சுருங்கும். இதை நீ எனக்குச் சொல்லித்தந்திருக்க வேண்டியது, நான் உனக்குச் சொல்கிறேன். சிரித்துக்கொள்.

நேற்று ஜும்மா முடிந்து பெண் வீட்டுக்குப் போனேன். உள்ளதைச் சொன்னேன்: மகன் ஒரு பிழை செய்திருக்கிறான், அதைத் திருத்திவிட்டுத்தான் வருவான், ஒரு வருடம் பிந்தலாம், படிப்பே நின்றாலும் நிற்கலாம். அவர்கள் தேத்தண்ணீர் தந்தார்கள். பெண்ணின் வாப்பா வாசல் வரை வந்து, யோசித்துச் சொல்கிறோம் என்றார். அதன் அர்த்தம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வரும் வழியில் அந்தப் புது வீட்டைப் பார்த்தேன், யன்னல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இதனால் இந்தக் கலியாணம் நின்றால் ஊருக்கு நான் பதில் சொல்கிறேன். உன் உம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்க மாட்டா. அதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இருக்கிற பயம் அதுவல்ல. நீ என் பேச்சைக் கேட்கிற பிள்ளை. சின்ன வயதிலிருந்தே கேட்டாய். என் பயமெல்லாம் அதுதான்.

அந்தக் கசெட்டை அழித்துவிடாதே, வைத்திரு. ஆனால் அதன்படி நடக்காதே. இது கிடைத்ததும் ஒரு தந்தி அடி. சொல்லிவிட்டேன் என்ற ஒரு சொல் போதும். தந்தி வரும், அது மவுத்துச் செய்தி இல்லை, பயப்படக் கூடாது என்று உன் உம்மாவிடம் இன்றே சொல்லி வைத்துவிட்டேன். உதுமாலெவ்வைக் காக்காவும் கேட்டிருக்கிறார். வந்தால் தனக்கும் வாசித்துக் காட்ட வேண்டுமாம்.

உன் வாப்பா